இருபத்தோரு கிலோமீட்டரும் ஓராண்டு அனுமதியும்

1

எங்கள் மருத்துவமனைச் சாப்பாட்டுக் கூடத்தின் கதவில் போன வாரம் மறுபடியும் அந்த மஞ்சள் அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள். அக்டோபர் முதல் ஞாயிறு, ஊர் ஓட்டம், இருபத்தோரு கிலோமீட்டர், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். பின்னால் வந்த சமையற்கட்டு அம்மாள், "இந்த வருஷமுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். போன வருடம் கடைசியாக வந்தது யார் என்பது இந்தச் சிறு நகரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள், "ஜெர்மனியில உனக்கென்ன கொறச்சல்?" என்று கேட்கிறார்கள். பாப்பாரப்பட்டிக்கு அப்பால் கேழ்வரகுக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தவள், இன்று வெந்நீர்க் குழாயும் தரைவிரிப்பும் உள்ள வீட்டில் இருக்கிறேன். குறை இல்லைதான். ஆனால் போன வருடம் அந்த ஓட்டத்தில் எனக்கு என்ன நடந்தது என்று ஒருவருக்கும் எழுதவில்லை. அறிவிப்பைப் பார்த்தபின் எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

2

அறுபதுகளின் கடைசியில் கன்னியாஸ்திரிகள் மூலமாகத் தாதிப் படிப்புக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. அன்று விமான நிலையத்தில் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் பூங்கொத்துக் கொடுத்தார்கள். ஆட்கள் போதவில்லை, நீங்கள் வந்தது எங்கள் பாக்கியம் என்றார்கள். சில வருடங்களில் பேச்சு மாறிவிட்டது. இப்போது சொந்த நாட்டுத் தாதிகளே போதுமான அளவு இருக்கிறார்களாம். தங்கும் அனுமதியை ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டார் அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு பேருக்கு "இல்லை" என்று வருகிறது.

என் கணவர் சவரிமுத்து கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கலியாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். வந்தவருக்கு இங்கே தங்க அனுமதி கொடுத்தார்கள், வேலை செய்ய அனுமதி கொடுக்கவில்லை. அன்றிலிருந்து சமைக்கிறார், துணி துவைக்கிறார், எங்கள் மகள் ரீட்டாவைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்து வருகிறார். ரொட்டிக் கடையில் அவர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் ரீட்டா அங்கேயே, கடைக்காரி முன்னாலேயே திருத்துவாள். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. பள்ளியில் டீச்சர் அப்படித்தான் திருத்துகிறாள். முதலில் அவர் சிரித்தார். பிறகு, வாங்க வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட ஆரம்பித்தார். நாங்கள் தமிழில் கேட்டால் ரீட்டா ஜெர்மனில் பதில் சொல்வாள். தெருவில் என்றால் பதிலே சொல்ல மாட்டாள்.

போன வருடம் கோடையில், என்னோடு படித்த மலையாளத் தோழி ஏலியம்மாவுக்கு அனுமதி இல்லை என்று வந்துவிட்டது. எங்களுடைய முறை நவம்பரில். எங்கள் வார்டின் தலைமைத் தாதி ஹில்டா நல்லவள். ஒரு நாள் மதியம் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"லூர்து, நீ பள்ளியில் ஓட்டக்காரி என்று சொன்னாயே. ஊர் ஓட்டத்தில் மருத்துவமனை அணியில் சேர்ந்து ஓடு. பெண்கள் ஓடுவது குறைவு, எல்லாரும் கவனிப்பார்கள். வெளிநாட்டார் அலுவலகத்துப் பெரிய அதிகாரிதான் வருடா வருடம் பரிசு கொடுக்கிறவர். அவருக்கு உன் முகம் தெரிந்தால் கெடுதல் ஒன்றுமில்லை."

வீட்டில் சொன்னேன். சவரி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார்.

"ஓடு புள்ள. நீ நல்லா ஓடுனா, இந்த ஊருப் பொம்பளை மாதிரி ஆயிட்டான்னு நெனப்பாங்க. நம்ம கையில இருக்கறது வேற என்ன?"

"இருபத்தோரு கிலோமீட்டருங்க. பதிமூணு மைலு."

"நீ ஓடாத தூரமா?"

நான் எந்தத் தூரம் ஓடியவள் என்று தெரியாமல்தான் சொன்னார். 

3

நான் ஒரே ஒரு முறைதான் அப்படி நெடுந்தூரம் ஓடியிருக்கிறேன். அது போட்டி இல்லை.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. மழை பொய்த்த வருடம். எங்கள் அக்கா மதலைமேரியைப் பக்கத்து ஊரிலேயே கொடுத்திருந்தது. முதல் பிரசவம், எங்கள் வீட்டில். வலி கண்டு ஒரு நாள் ஆகியும் பிள்ளை வரவில்லை. காலையில் ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. மாமா வெளியூர் போயிருந்தார். அப்பா மாட்டை வண்டியில் பூட்டப் போனார், ஒரு மாடு எழுந்திருக்கவே இல்லை. தீனியில்லாமல் கிடந்த மாடு. நான், "அப்பா, நான் ஓடிப் போயி டாக்டரக் கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் கிளம்பிவிட்டேன்.

பாப்பாரப்பட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் மண் ரோடு. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை. எதிரே வந்த பெண்கள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மட்டும் இருந்தார்.

"டாக்டரு தருமபுரி மீட்டிங்குக்குப் போயிருக்காரும்மா. சாயங்காலந்தான் வருவாரு."

நான் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவர் பயந்துபோய் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் அலைந்தார். கடைசியில், ஏதோ வேலையாக வந்திருந்த சர்க்கார் ஜீப் ஒன்றை நிறுத்திக் கெஞ்சி, பிரசவம் பார்க்கும் நர்சம்மாவை ஏற்றி என்னோடு அனுப்பிவைத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. அக்காவின் முகத்தைத் துடைத்துக் கட்டிலில் நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். பிள்ளையும் இல்லை.

அக்காவின் மாமியார் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "இன்னங் கொஞ்சம் வெரசா வந்திருந்தீன்னா பொழச்சிருப்பாளே கண்ணு."

அவர் என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே, என் தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குள் அது நின்றுவிட்டது. நான் தாதிப் படிப்புக்கு வந்ததற்கு அதுதான் காரணம். தாதியான பின் பிரசவ வார்டின் பக்கம் போகாமலிருந்ததற்கும் அதுதான். இரண்டு முறை அங்கே மாற்றல் போட்டார்கள். இரண்டு முறையும் ஏதேதோ சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

4

இரண்டு மாதம் பயிற்சி. வேலை முடிந்த பிறகு ஆற்றங்கரைப் பாதையில் ஓடினேன். காலுக்குக் கான்வாஸ் ஜோடு, உடம்புக்குச் சவரியின் பழைய கம்பளிச் சட்டை. எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லித்தர யாரும் இல்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. தினமும் முடிந்தவரை வேகமாக ஓடுவேன், மூச்சு முட்டினால் வீட்டுக்குத் திரும்புவேன். முழுத் தூரத்தை ஒரு நாளும் ஓடிப் பார்க்கவில்லை. பதினைந்து வயதில் ஓடிய கால்தானே என்ற நினைப்பு.

ஓட்டத்தன்று தூறல். தேவாலயத்தின் முன்னால் ஊர் பேண்டு வாசித்தார்கள். சவரி கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கலியாணக் கோட்டு. அதிகாரி வருவார் என்பதற்காக ரீட்டாவுக்கும் நல்ல கவுன். நெஞ்சில் எண் குத்திக்கொண்டு, ஹில்டா சொன்னபடி நான் முன் வரிசையில் நின்றேன்.

"எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று பக்கத்தில் நின்ற நரைத்த மனிதர் கேட்டார்.

"மருத்துவமனையிலிருந்து" என்றேன்.

அவர் சிரித்தார். "முதல் தடவையா? மெதுவாகத் தொடங்குங்கள்."

துப்பாக்கி வெடித்தது. அதன்பிறகு அவர் சொன்னதோ ஹில்டா சொன்னதோ எதுவும் நினைவில் இல்லை. கால் தன்பாட்டுக்குப் பறந்தது. கடைத்தெருவைத் தாண்டும்போது எனக்கு முன்னால் இளவட்டங்கள் சிலர்தான் இருந்தார்கள். இரண்டு பக்கமும் கைதட்டல். "இந்தியப் பெண்ணைப் பார்!" என்று யாரோ கத்தியது கேட்டது. பெருமையாக இருந்தது என்றால் பொய். எனக்கு எதிரே பாப்பாரப்பட்டி ரோடுதான் இருந்தது. வெரசா, இன்னும் வெரசா என்று உள்ளே ஒரே சத்தம். தேநீர் கொடுத்த மேசையில் நிற்கவில்லை. தண்ணீர் நீட்டிய கையைத் தட்டிவிட்டுப் போனேன்.

காட்டைக் கடந்து பீட்ரூட் வயல்களுக்கு வந்தபோது வலது தொடை இழுத்துப் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே ஓடினேன். அப்புறம் இடதும். ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தேன். ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். முதலில் இளைஞர்கள், பிறகு வயதானவர்கள். நரைத்த மனிதரும் வந்தார். அவர் மட்டும் நின்று என் முதுகைத் தட்டி, "நடங்கள், நடந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நடக்கவில்லை. ஓடினேன், விழுந்தேன். எழுந்து ஓடி மறுபடி விழுந்தேன். முழங்கையில் தோல் வழண்டுவிட்டது.

கடைசியில், பின்னால் வரும் செஞ்சிலுவை வண்டி என் அருகே நின்றது. ஓட்டி வந்த பையன் கதவைத் திறந்து, "ஏறுங்கள், இது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை" என்றான். உள்ளே கம்பளி தெரிந்தது. எனக்கு அந்த அதிகாரியின் நினைப்பு வந்தது. வண்டியில் வந்து இறங்கினால் என்ன நினைப்பார்? மாட்டேன் என்று தலையாட்டினேன். அதன்பிறகு நடந்தேன். ஓட முடியாததால் மட்டும்தான் நடந்தேன். வண்டி என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

5

தேவாலயத்து முன்னால் நான் வந்தபோது பேண்டுக்காரர்கள் வாத்தியங்களை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டின் மேல் கட்டியிருந்த துணியை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டார்கள். பரிசெல்லாம் கொடுத்து முடித்தாகிவிட்டது. சாசேஜ் சுட்ட கடையின் பக்கம் கொஞ்சம் பேர் நின்றார்கள்.

அந்தக் கடையின் பக்கத்தில்தான் ரீட்டா தன் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரோடு நின்றுகொண்டிருந்தாள். சவரி எதிர்ப்புறம், ஏதாவது தகவல் உண்டா என்று ஒரு போலீஸ்காரரிடம் கையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பிள்ளைகளைத் தாண்டி வந்தேன். என் சட்டையில் வாந்தி, முழங்கையில் ரத்தம், வாயைத் திறந்தபடி மூச்சு.

ஒரு பெண்பிள்ளை கேட்டாள், "ரீட்டா, அது உன் அம்மாவா?"

ரீட்டா என்னைப் பார்த்தாள். "இல்லை" என்றாள். "எனக்கு அவளைத் தெரியாது."

நான் முடிவுக் கோட்டைத் தாண்டி நடைபாதையில் உட்கார்ந்தேன். சவரி ஓடி வந்தார். கோட்டைக் கழற்றி என் மேல் போர்த்தினார். "எங்கடி போயிட்ட? எங்க போயிட்ட?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஊரில்கூட அவர் என்னை "டி" போட்டுப் பேசியதில்லை. பயந்துவிட்டார்.

6

வீட்டுக்கு வந்ததும், உப்புப் போட்ட வெந்நீரில் என் காலை வைத்து, சமையற்கட்டில் உட்கார வைத்தார். ரீட்டா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சொன்னது சவரியின் காதிலும் விழுந்திருக்கிறது.

"அவளை இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்" என்று எழுந்தார்.

"வேணாங்க. உக்காருங்க."

"பெத்தவளத் தெரியாதுன்னு சொல்றா!"

"ஆறு வயசுப் புள்ள. நாளைக்கு அதுங்களோடதான பள்ளிக்கூடத்துல உக்காரணும். உக்காருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அப்போதுதான் அக்காவைப் பற்றி முழுவதும் சொன்னேன். பிரசவத்தில் இறந்தாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். நான் ஓடியது தெரியாது. காலையில் துப்பாக்கி வெடித்ததும் நான் எந்த ரோட்டில் ஓடினேன் என்பதையும், மாமியார் சொன்ன வார்த்தையையும் சொன்னேன்.  முடித்ததும் அவர் கணக்கு வாத்தியாராகக் கேட்டார்.

"டாக்டரு எங்க இருந்தாரு?"

"தருமபுரியில."

"நீ போறப்பவே இல்ல?"

"இல்ல."

"அப்ப நீ பறந்து போயிருந்தாலும் அவரு அங்க இல்லியே. ஜீப்பு எப்ப கெடைக்குமோ அப்பத்தான் கெடைச்சிருக்கும். நீ வெரசா போனதுக்கும் அவ போனதுக்கும் என்னா சம்பந்தம்?"

எனக்கு இது தெரியாததா? அப்படிப்பட்ட ரத்தப்போக்குக்கு என்ன செய்ய வேண்டும், அதில் எதுவும் அந்த நர்சம்மாவின் பையில் இருந்திருக்காது என்பதெல்லாம் படித்தவள்தானே நான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்டதே இல்லை. கேட்பதற்கு நான் யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீர் ஆறும் வரைக்கும் அழுதேன். ரீட்டாவின் கதவு கொஞ்சம் திறந்து, மறுபடி மூடியது.

அடுத்த சில வாரங்கள் மோசமாகத்தான் போயின. மாடிப்படி இறங்க முடியவில்லை. வார்டில் நோயாளிகள்கூட வேடிக்கையாகப் பேசினார்கள். கான்வாஸ் ஜோட்டைக் குப்பையில் போட்டேன். சவரி அதை எடுத்துக் கழுவி உள்ளே வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நல்ல ஜோடு" என்று மட்டும் சொன்னார்.

7

நவம்பரில் வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் போனோம். ஈரப் பனி. பேருந்து வராததால் ஆற்றுப் பாலம் வழியாக நடந்தே போய்ச் சேர்ந்தோம். அதுவரை நாங்கள் நேரில் பார்த்திராத பெரிய அதிகாரி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு என் ஜோட்டைப் பார்த்துக் கேட்டார்: "லௌஃபன் செய்தீர்களா?"

இந்த மொழியில் அந்தச் சொல்லுக்கு ஓடுவது என்றும் பொருள், நடப்பது என்றும் பொருள். எனக்கு ஓட்டம்தான் மனதில் இருந்தது. ஆமாம் ஐயா, மன்னிக்க வேண்டும், மிக மோசமாக ஓடிவிட்டேன், ஆனால் வண்டியில் ஏறவில்லை, முழுத் தூரமும் முடித்தேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் குழம்பிப்போய்ச் சவரியைப் பார்த்தார்.

"பேருந்து இல்லையே, நடந்தா வந்தீர்கள் என்று கேட்டேன்."

"ஊர் ஓட்டம், ஐயா. அக்டோபரில். நீங்கள் பரிசு கொடுத்தீர்களே."

"ஓ, அதுவா. இந்த வருடம் நான் போகவில்லை. எனக்குக் காய்ச்சல்."

சவரி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதிகாரி எங்கள் தாள்களைப் புரட்டினார். மருத்துவமனை ஒரு கடிதம் கொடுத்திருப்பதாகவும், ஓராண்டு நீட்டிப்பதாகவும், அதற்கடுத்து என்ன என்பதைத் தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். முத்திரை குத்தினார். கணவருக்கு வேலை அனுமதி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் சவரி நின்றார். "அந்தாளு வரவே இல்ல புள்ள" என்றார். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு அன்று பாதி நாள் தூறலில் நின்றவர் அவர்.

8

வசந்தத்தில் ஏலியம்மாவை ரயில் நிலையத்தில் வழியனுப்பி வைத்தோம். அந்த மாதமே பிரசவ வார்டில் இடம் காலியானது. ஹில்டாவிடம் போய் நானே கேட்டேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள், காரணம் கேட்கவில்லை. இப்போது ஐந்து மாதமாக அங்கேதான் இருக்கிறேன்.  இங்கே ஏற்றுவதற்கு ரத்தம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், மணி அடித்தால் ஓடி வருகிறார்கள். ஆனாலும் எல்லாரும் பிழைப்பதில்லை. ஜூலையில் ஒரு துருக்கிப் பெண் போய்விட்டாள். யாரும் தாமதிக்கவில்லை, யாரும் தப்புச் செய்யவில்லை. வராந்தாவில் தனியே உட்கார்ந்திருந்த அவள் தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீ ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொன்னேன். அவளுக்கு மொழி புரிந்ததா என்று தெரியவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பழைய ஜோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி ஓடுகிறேன். அந்த நரைத்த மனிதரை ஆற்றங்கரையில் பார்த்து, எப்படிப் பழக வேண்டும் என்று கேட்டேன். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடுங்கள், மூச்சு வாங்கினால் நடங்கள் என்றார். அப்படித்தான் செய்கிறேன். முழுத் தூரத்தை இரண்டு முறை முடித்துவிட்டேன். வேகம் ஒன்றும் இல்லை.

இந்த வருட அனுமதிக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. ஏலியம்மாவுக்கு வந்ததுபோல வந்தால் ஊருக்குத்தான். சவரிக்குப் பழைய பள்ளிக்கூடத்தில் இடம் இருக்குமா தெரியாது. ரீட்டா அங்கே என்ன மொழியில் படிப்பாள் என்பதை நாங்கள் பேசுவதில்லை.

நேற்று மாலை பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். சாப்பாட்டு மேசையில் ரீட்டா அந்த ரசீதைப் பார்த்துவிட்டாள். வெகுநேரம் கரண்டியால் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு ஜெர்மனில் கேட்டாள்:

"இந்தத் தடவையும் நீ கடைசியாக வந்தால், கேட்கிறவர்களிடம் நான் என்ன சொல்வது?"

சவரி நிமிர்ந்தார். போன வருடம் அவள் "தெரியாது" என்றது என் காதில் விழுந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருடமாகத் தெரிந்திருக்கிறது.

"எங்கம்மா மெதுவா ஓடுவான்னு சொல்லு" என்றேன் தமிழில்.

அவள் யோசித்தாள். உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டாள். "எங்கம்மா மெத்துவா ஓடுவா" என்றாள்.

"மெதுவா" என்று திருத்தினார் சவரி.

"மெதுவா" என்றாள் ரீட்டா.